நஞ்சு வாங்கமுன் செடியைப் பாருங்கள்

வளவில் ஐம்பது தக்காளிக் கன்றுகள் நின்றால் வீட்டுக் கறிக்கும் உதவும், மிச்சத்தைச் சந்தைக்கும் கொடுக்கலாம். போரில் கணவரை இழந்து தனியே குடும்பத்தைக் கொண்டுநடத்தும் எமது சகோதரிகள் பலருக்கு இது கைக்காசு தரும் தொழில். ஆனால் ஒரு செடி வாடியதும் பதறிப்போய், கடன்பட்டுப் பூச்சிநாசினி வாங்கி அடிக்கிறோம். செடியும் போகிறது, கடனும் மிஞ்சுகிறது. தக்காளிக்கு வரும் சில கேடுகளை எந்த நஞ்சாலும் மாற்ற முடியாது. எனவே முதலில் கேட்டை இனங்காண வேண்டும்.

பச்சையாக நின்ற செடி திடீரென வாடினால்: தண்டின் அடியை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் பிடியுங்கள். பால் போன்ற திரவம் நூலாக இறங்கினால் அது பற்றீரியா வாடல். இதற்கு மருந்தில்லை. செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். கிருமி மண்ணில் தங்கியிருக்கும். ஆகவே அவ்விடத்தில் மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு நடாமல் சோளம், வெங்காயம், பயறு என மாற்றி நடுங்கள். வாடலைத் தாங்கும் இனங்கள் பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

இலை சுருண்டு, மஞ்சளித்து, செடி குறளிப்போனால்: இது வெண்ஈ பரப்பும் வைரசு நோய். அந்தச் செடி தப்பாது. அதைப் பிடுங்கினால் மற்றவை தப்பும். நாற்றுமேடையை நெருக்கமான வலையால் மூடுங்கள். நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் வெண்ஈ புகுந்துவிடும். மஞ்சள் வர்ணம் பூசிய தகட்டில் கிறீஸ் தடவிச் செடியின் உயரத்தில் கட்டினால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும்.

அடியிலைகளில் வளையம் வளையமாகக் கபிலப் புள்ளி விழுந்தால்: இது பங்கசு நோய். அந்த இலைகளைக் கிள்ளி அகற்றுங்கள். தடி நட்டுக் கட்டி, அடியில் வைக்கோல் பரப்பி, இலை நனையாமல் தண்ணீர் விடுங்கள்.

காயின் நுனி கறுத்தால்: இது நோயல்ல. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளம்போல் நீர் விடுவதால், காய்க்குக் கல்சியம் சரிவரப் போய்ச் சேர்வதில்லை. அளவாக, ஒழுங்காக நீர் விட்டால் புதுக் காய்கள் நன்றாக வரும்.

வெண்ஈக்கும் இளம் புழுக்களுக்கும் வேம்பு உதவும். நிழலில் உலர்த்திய வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். பிழிந்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, அன்று பின்னேரமே இலையின் கீழ்ப்பக்கமும் நனையத் தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் குறைந்துவிடும். காய்க்குள் புகுந்த புழுவை இது கொல்லாது. ஓட்டை விழுந்த காய்களைப் பறித்து அழியுங்கள்.

2021 மே மாதத்தில் அரசு இரசாயன உரம், கிருமிநாசினி இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து நவம்பரில் தடையை நீக்கியது. இடையில் முன்னாயத்தமில்லாத விவசாயிகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. நஞ்சைக் கைவிடுவதானால் அதன் வேலையை எமது கண்ணும் கையும் செய்ய வேண்டும்.

தினமும் காலையில் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். அயலில் உள்ள சகோதரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வெண்ஈக்கு வேலி தெரியாது. நஞ்சுப் போத்தல் இல்லாத வீடு பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.