பட்டனைப் பார்க்காதே... பிறந்த தேதியைப் பார்!

கேரவன்! இந்த வார்த்தையைக் கேட்டதும் ஷூட்டிங் ஸ்பாட், ஏ.சி., வாசல்ல குடை பிடிச்சு நிக்கிற அசிஸ்டென்ட்... இதெல்லாம்தானே ஞாபகம் வருது? ஆனா நம்ம பசங்க கனவு கொஞ்சம் சிம்பிள். ஒரு பழைய வேன். உள்ளே சீட்டைக் கழற்றிட்டு ரெண்டு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தண்ணி டேங்க். அவ்வளவுதான், வீடே சக்கரத்துல ஓடும்!

சரி, கற்பனையிலேயே ஒரு டிரிப் அடிப்போம். கிளம்புற இடம் பாப்பாரப்பட்டி. தொழுநோயைக் காரணம் காட்டி ரயில்ல ஏறக் கூடாதுன்னு வெள்ளைக்கார அரசு தடுத்தப்போ, நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராப் போய்ப் பேசின சுப்பிரமணிய சிவா, 1925-ல் கண்மூடின ஊர். அவருக்கு ஒரு சல்யூட். அங்கிருந்து பென்னாகரம், காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு இறங்கினா ஒகேனக்கல். திரும்பி தர்மபுரி வந்து, தொப்பூர் கணவாய் வழியா சேலம், ஏற்காடு. பிளான் பக்கா!

வேன்? நண்பனோட சித்தப்பா வேன். மூணு வருஷமா புளியமரத்தடியில் தூங்குது. டயரைக் குனிஞ்சு பார்த்தா, பட்டன் எல்லாம் புதுசு மாதிரி நிமிர்ந்து நிக்குது.

"தேயவே இல்லையே மச்சி, காத்து அடிச்சா போதும்!"

ஸ்டாப்! சறுக்கல் ஆரம்பிக்கிறதே இந்த டயலாக்லதான்.

ஓடாத டயருக்கும் வயசாகும்!

தினமும் ஓடுற லாரிக்கும் பஸ்ஸுக்கும் டயர் தேயும். தேஞ்சா கண்ணுக்குத் தெரியும், மாத்திடுவாங்க. ஆனா மோட்டார் ஹோம் மாதிரி, ஓடுறதைவிட நிக்கிற நாள் அதிகமான வண்டிகளில் கதையே வேற. பட்டன் தேயறதுக்கு முன்னாடியே ரப்பர் கிழடாகிடும். வெயில், சூடு, காற்றில் இருக்கிற ஆக்சிஜன், ஓசோன் எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுக்கி, வெடிப்பு விட வைக்கும். டயர் உருண்டு, வளைஞ்சு கொடுக்கும்போது அதுக்குள்ள கலந்திருக்கிற பாதுகாப்பு ரசாயனம் மேலே வந்து பூசிக்கும். நின்ன இடத்திலேயே நின்னா அதுவும் சரியா நடக்காது. போதாததுக்கு, மொத்த வெயிட்டும் ஒரே இடத்தை அழுத்திக்கிட்டே இருக்கும்.

'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' பால் வாக்கரை மறக்க முடியுமா? 2013 நவம்பர் 30-ம் தேதி, கலிஃபோர்னியாவில் அவர் நண்பர் ஓட்டின போர்ஷே கார் மோதி ரெண்டு பேருமே இறந்தாங்க. விபத்துக்குக் காரணம் அதிவேகம்தான்னு சொன்ன விசாரணை அதிகாரிகள், இன்னொரு விஷயத்தையும் குறிப்பிட்டாங்க. அந்த காரோட டயர்களுக்கு வயசு ஒன்பது!

ஜாதகம் பார்க்கத் தெரியுமா?

டயருக்கும் ஜாதகம் உண்டு பாஸ்! பக்கச் சுவரில் 'டி.ஓ.டி.'ன்னு ஆரம்பிக்கிற எழுத்துகளோட கடைசியில் நாலு எண் இருக்கும். 0623-ன்னு இருந்தா, 2023-ம் வருஷத்தோட ஆறாவது வாரம் பிறந்த டயர். ஒரு பக்கம் தெரியலைன்னா, குனிஞ்சு உள்பக்கம் பாருங்க. மூணே மூணு எண் இருந்தா, அது 2000-க்கு முன்னாடி பிறந்த தாத்தா. கும்பிட்டு அனுப்பிடுங்க!

அஞ்சு வயசு தாண்டினா வருஷத்துக்கு ஒரு முறை மெக்கானிக்கிட்ட காட்டணும். பத்து வயசானா, பட்டன் எப்படி இருந்தாலும் மாத்திடணும். பெரிய டயர் கம்பெனிகளே சொல்ற கணக்கு இது. ஆறு வருஷத்திலேயே மாத்தச் சொல்ற வண்டி கம்பெனிகளும் உண்டு. ஸ்டெப்னிக்கும் இதே ரூல்தான். ஓடவே இல்லைன்னாலும் அதுக்கும் பர்த்டே வந்துக்கிட்டேதான் இருக்கும்!

வெயிட்டு தாங்குமா?

அடுத்தது வெயிட். உதாரணத்துக்கு, டயர்ல '185 ஆர் 14 சி, 102/100'-ன்னு இருக்குன்னு வைங்க. 185 மில்லிமீட்டர் அகலம், ரேடியல் டயர், 14 அங்குல ரிம், 'சி'ன்னா கமர்ஷியல் வண்டிக்கானது. 102-ங்கிறது ஒத்தை டயரா மாட்டினா 850 கிலோ தாங்கும்னு அர்த்தம். பின்னாடி ஜோடி டயரா மாட்டினா 100, அதாவது ஒவ்வொண்ணும் 800 கிலோ.

இப்போ கணக்குப் போடுங்க. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. 200 லிட்டர் டேங்க்னா 200 கிலோ! கட்டில், அடுப்பு, சிலிண்டர், பேட்டரி, நம்ம கேங்... எல்லாம் ஏறின பிறகு எடை மேடையில் முன் சக்கரம் தனியா, பின் சக்கரம் தனியா நிறுத்திப் பாருங்க. பின்பக்கம் மட்டும் 1,900 கிலோன்னா, ரெண்டே டயர் இருக்கிற வண்டியில் ஒரு டயருக்கு 950. மேலே சொன்ன 850 கிலோ டயர் பத்தாது! 'சைஸ் பொருந்துதுல்ல'ன்னு கார் டயரை மாட்டுறதும் இதனாலதான் தப்பு.

பாதி விலை, முழு ரிஸ்க்!

டூர் பட்ஜெட் டைட். "தம்பி, செகண்ட் ஹேண்ட்ல நல்ல டயர் இருக்கு, பாதி விலை"ன்னு ஒரு குரல் வரும். பட்டனைக் காட்டி ஆசை காட்டுவாங்க. நீங்க தேதியைப் பாருங்க, பக்கச் சுவரில் வெடிப்பு, வீக்கம் இருக்கான்னு பாருங்க. உள்ளே என்ன அடிபட்டிருக்குன்னு வெளியே தெரியாது. பள்ளத்தில் இறங்கும்போது டயர் வெடிச்சா ஆபத்து ஒருத்தருக்கு இல்லை, உள்ளே இருக்கிற மொத்த கேங்குக்கும்!

கடைக்குப் போறீங்களா? இதைக் கட் பண்ணிப் பர்ஸ்ல வைங்க:

* புது டயரா இருந்தாலும் தேதி பாருங்க. கடையிலேயே வருஷக்கணக்கா தூங்கின சரக்கு வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும்.

* ஒரே ஆக்ஸிலில் ஒரே சைஸ், ஒரே வகை. ரேடியலையும் நைலானையும் கலக்காதீங்க.

* நாலுக்குக் காசில்லை, ரெண்டுதான் வாங்க முடியுமா? புதுசைப் பின்னாடி மாட்டுங்க. ஈர ரோட்டில் பின்பக்கம் இழுத்துக்கிட்டுப் போனா சமாளிக்கிறதுதான் கஷ்டம்.

* காத்து எவ்வளவுன்னு கதவோரம் இருக்கிற ஸ்டிக்கர்ல பாருங்க. டயர்ல போட்டிருக்கிறது அது தாங்குற அதிகபட்சம். டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் செக் பண்ணணும்.

* டயர் மாத்தும்போது வால்வையும் மாத்திடுங்க.

* தேயற டயரா இருந்தா, பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகவே கூடாது.

வேனுக்குக் கலர் பெயின்ட், சீரியல் பல்பு, ஸ்பீக்கர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் பாஸ். முதல் காசு டயருக்கு! ஒகேனக்கல் அருவி எங்கேயும் ஓடிடாது. நாம போய்ச் சேரணும், போன எல்லாரும் திரும்பி வரணும்.