புற்று நீங்கியபின் வரும் ஆண்டுகள்

நோயாளி வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் நாளையே சிகிச்சை நிறைவுற்ற நாளாகக் கொள்வது உலக வழக்கு. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும், புற்றுநோய்க்கோ பொருந்தாது. அந்நோய் முற்றாக அகன்றதா என்னும் வினாவுக்கு விடை கூறவல்லது காலமே. அவ்விடையைத் தவறாது கேட்டறிந்து பதிவு செய்யும் முறையொன்று வைத்திய உலகில் வளர்ந்துள்ளது. உணவுக்கால்வாயில் அரும்பும் புற்றினை, வயிற்றைக் கீறாது அகநோக்கியாலேயே அகற்றும் சிகிச்சையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அம்முறையை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அகநோக்கி என்பது வாய் வழியாகவோ குதத்தின் வழியாகவோ உட்செலுத்தப்படும், வளையுந் தன்மையுள்ள மெல்லிய குழாய். 1950ஆம் ஆண்டில் யப்பானில், இரைப்பையினுள்ளே சென்று படம்பிடிக்கும் சிறு கமெரா ஆக்கப்பட்டது. 1957இல் ஐக்கிய அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பார் கண்ணாடியிழைகளாலான அகநோக்கியைப் பயன்படுத்திக் காட்டினார். மறைந்திருந்த இடம் கண்ணுக்குப் புலப்படவே, நோயை அதன் இளமையிலே காண்பது கைகூடிற்று. 1962இல் யப்பானிய அறிஞர் ஆரம்ப இரைப்பைப் புற்று என்பதற்கு இலக்கணம் வகுத்தனர். இரைப்பைச் சுவரின் உட்புறமாயுள்ள சீதமென்சவ்வையும் அதன் கீழ்ப்படையையும் கடந்து தசைக்குட் புகாத புற்றே அது.

அத்தகைய புற்றினை அகநோக்கியாலேயே அகற்றும் முறைகள் படிப்படியாக வளர்ந்தன. 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், டோக்கியோவின் தேசிய புற்றுநோய் நிலைய வைத்தியசாலையில், நுனியிற் சிறு பீங்கான் உருண்டை பொருத்திய மின்கத்தி பயன்பாட்டுக்கு வந்தது. உருண்டை மின்சாரத்தைக் கடத்தாதாகையால், கத்தியின் நுனி சுவரைத் துளைத்துவிடும் அபாயம் குறைந்தது. வைத்தியர் முதலிற் புற்றைச் சுற்றிப் புள்ளியிட்டு, அதன் அடியிலே திரவத்தைச் செலுத்தி மேலெழச் செய்வர். பின்னர்ச் சுற்றிலும் வெட்டி, அடியைப் பிரித்து, ஒரே துண்டாக எடுப்பர். நோயியல் வல்லுநர் அத்துண்டினைப் பலகையிலே விரித்து ஊசிகளாற் பொருத்தி, இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியில் அரிந்து, நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்வர். விளிம்பிலே புற்று உளதா, எவ்வளவு ஆழம் சென்றது, நிணநீர்க் குழாயுட் புகுந்ததா என்பன அவர் நோக்குவன. புற்றைப் பல துண்டுகளாகச் சிதைத்து எடுப்பின் இவ்வாராய்ச்சி செம்மையுறாது.

எனினும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கும். இரைப்பையை வெட்டியகற்றும் சத்திரசிகிச்சையில், அதனைச் சூழ்ந்த நிணநீர்க்கணுக்களும் உடன் அகற்றப்படும். அகநோக்கிச் சிகிச்சையில் அவை இருந்தவாறே இருக்கும். நோய்க்கலம் ஒன்று முன்னரே அங்கு சென்று தங்கியிருப்பின், மேலே வெட்டியதனாற் பயன் யாது? ஆகவே எவருடைய கணுக்களில் நோய் இராது என்பதை முற்கூட்டியே அறிதல் வேண்டும். இதற்கு விடை தந்தவர் முன்னைய நோயாளரே. டோக்கியோவின் இரு வைத்தியசாலைகளிற் சத்திரசிகிச்சை பெற்ற 5,265 பேரின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரையொன்று 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சீதமென்சவ்வுக்குள் அடங்கி, இயல்பான கலங்களின் அமைப்பைப் பெரிதும் ஒத்து, 30 மில்லிமீற்றரிற் குறைந்திருந்த 1,230 புற்றுக்களில் ஒன்றேனும் கணுக்களுக்குப் பரவியிருக்கவில்லை. முன்னையோர் இரைப்பையை இழந்தனர். அவ்விழப்பின் விவரம் பேணிப் பதியப்பட்டமையாற் பின்னையோர் பலர் தம் இரைப்பையுடன் வாழ்கின்றனர்.

இனி, நோயாளரைப் பின்தொடர்ந்து நோக்குவோர் எவற்றைக் கணக்கிடுவர் எனக் காண்போம். சிகிச்சையை அடுத்து நேரும் குருதிப்பெருக்கும் துளைபடுதலும் முதலாவது. வெட்டிய இடத்திலேயே புற்று மீண்டும் முளைத்தல் இரண்டாவது. அதே உறுப்பின் வேறிடத்திற் புதிய புற்றுத் தோன்றுதல் மூன்றாவது. கணுக்களிலோ தொலைவிலுள்ள உறுப்புக்களிலோ நோய் வெளிப்படுதல் நான்காவது. இவற்றுள் முதலாவது சில நாள்களிலோ வாரங்களிலோ தெரியவரும். ஏனைய மூன்றும் தெரிவதற்கு ஆண்டுகள் செல்லும்.

யப்பானில் 20 வைத்தியசாலைகள் ஒன்றுசேர்ந்து, 2013 பெப்புருவரி முதல் 2015 சனவரி வரை, 20 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் அகன்ற பெருங்குடற் கட்டிகளை இம்முறையால் அகற்றிக்கொண்ட 1,740 பேரைப் பதிந்து பின்தொடர்ந்தன. ஐந்தாண்டு முடிவில் உயிர்வாழ்ந்தோர் 93.6 சதவீதம், அந்நோயால் இறவாதோர் 99.6 சதவீதம். இவ்விரு எண்களுக்குமிடையேயுள்ள வேறுபாடு கருதத்தக்கது. முதுமையாலும் இருதய நோய் முதலியவற்றாலும் இறந்தோரை முதலாவது எண் உட்படுத்தும். இரண்டாவது எண் உட்படுத்தாது. முதலாவதை மட்டும் கூறின் சிகிச்சையின் மேற் பழி வீழும். இரண்டாவதை மட்டும் கூறின், சிகிச்சை பெறுவோர் எத்தகைய முதியோர் என்பது மறைந்துபோம். இரண்டையும் ஒருங்கு கூறுவதே நேர்மையான கணக்கு.

கணக்கின் நேர்மைக்கு இன்னுமோர் இடையூறு உண்டு. அது வராதொழிந்தோரால் நேர்வது. நூறு பேர் சிகிச்சை பெற்று, எண்பது பேரே மீண்டும் வந்து, அவருள் ஒருவருக்கேனும் நோய் திரும்பவில்லை எனக் கொள்வோம். நூறு பேரும் நலமுற்றனர் என்று எழுதலாமோ? எமது பழைய மாணவர் பதிவேட்டை நோக்குவார்க்கு இது எளிதில் விளங்கும். கடிதத்துக்கு மறுமொழி எழுதாதோர் யாவரும் நலமுடன் உளர் என்று செயலாளர் எழுதிவிட முடியாது; சிலர் முகவரி மாறியிருப்பர், சிலர் கடல் கடந்திருப்பர், சிலர் காலமாகியிருப்பர். ஆதலால், வராதோரைக் கடைசியாகக் கண்ட நாள் வரையே கணக்கிற் கொள்வர். அதற்கப்பால் அவரை நலமுற்றோராகவும் எழுதார், இறந்தோராகவும் எழுதார். இயலுமாயின் தேடியும் அறிவர். ஐக்கிய அமெரிக்காவிற் பெருங்குடலின் முன்புற்றுக் கட்டிகள் அகற்றப்பட்ட 2,602 பேரின் நிலையை, நாட்டு மரணப் பதிவேட்டின் துணைகொண்டு 23 ஆண்டுகள் வரை ஆராய்ந்தனர். 2012இல் வெளியான முடிவின்படி, பெருங்குடற் புற்றால் இறந்தோர் 12 பேர். பொதுமக்களின் இறப்பு வீதப்படி எதிர்பார்க்கப்பட்டதோ 25.4. கட்டியை அகற்றுவது உயிரைக் காக்கும் என்று துணிந்து கூற இத்தகைய நீண்ட கணக்கே துணைபுரிந்தது.

உறுப்பைக் காப்பதிற் பேறும் உண்டு, கவலையும் உண்டு. காக்கப்பட்ட இரைப்பை, புதிய புற்று முளைக்கக்கூடிய நிலமுமாகும். அந்நிலத்தைக் கெடுக்கும் ஹெலிக்கோபற்றர் பைலோரி என்னும் பற்றீரியாவை மருந்தினால் ஒழித்தால் என்ன நிகழும் என யப்பானியர் ஆராய்ந்தனர். அகநோக்கிச் சிகிச்சை பெற்ற 544 பேரை இரு சம கூறாக்கி மூன்றாண்டு நோக்கினர். மருந்து பெற்ற கூற்றில் 9 பேருக்கும் பெறாத கூற்றில் 24 பேருக்கும் புதிய புற்றுத் தோன்றியதாக 2008இல் அறிவித்தனர். மருந்து ஆபத்தைக் குறைத்ததேயன்றி அறவே நீக்கவில்லை. ஆகவே கிருமி ஒழிந்த பின்னரும் அகநோக்கிப் பரிசோதனை தொடர்தல் வேண்டும்.

வெட்டியெடுத்த துண்டின் அறிக்கை முற்றிலும் நம்பிக்கை தராதபோது என் செய்வது? முன்னர் இரைப்பையை அகற்றுமாறே பெரும்பாலும் கூறுவர். 2017இல் யப்பானிய அறிஞர், முன்னைய நோயாளரின் பதிவுகளைக்கொண்டு ஒரு புள்ளிமுறை வகுத்தனர். நிணநீர்க் குழாயுட் புற்றுப் புகுந்திருப்பின் மூன்று புள்ளி. புற்று 30 மில்லிமீற்றருக்கு மேல் அகன்றிருத்தல், கீழ்ப்படையினுள் அரை மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் இறங்கியிருத்தல், ஆழ்விளிம்பிலே புற்றிருத்தல், நாளத்துட் புகுந்திருத்தல் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு புள்ளி. மொத்தம் ஒன்றைத் தாண்டாதோரிற் கணுவுக்குப் பரவியோர் 2.5 சதவீதம், ஐந்தும் அதற்கு மேலும் பெற்றோரில் 22.7 சதவீதம். எண்பது வயது முதியவர் ஒருவர் பெருஞ் சத்திரசிகிச்சைக்கு உட்படுவதா, அன்றி இரைப்பையுடன் வாழ்ந்து பரிசோதனைக்கு வருவதா என்பதைக் குடும்பத்தாரும் வைத்தியரும் கூடித் துணிய இவ்வெண்கள் துணைசெய்யும்.

இவ்வெண் ஒவ்வொன்றின் பின்னும், நோவு சிறிதுமின்றியும் குறித்த நாளிலே பரிசோதனைக்கு வந்த மனிதர் பலர் உளர். அவர் வந்தமையாற் பயன் பெற்றோர் அவர் மட்டுமல்லர். ஆதலின் இத்தகைய சிகிச்சை பெற்றோரும் அவர்தம் மக்களும் மூன்றினை மனங்கொள்ளுதல் வேண்டும். நோயியல் அறிக்கையைப் பத்திரமாகப் பேணுக. நலமாயிருக்கின்றோம் என்று எண்ணிக் குறித்த பரிசோதனையைத் தவறவிடற்க. ஊர் மாறினும் நாடு மாறினும் வைத்தியசாலைக்கு அறிவித்துச் செல்லுக. வைத்தியராகப் போகும் மாணவர்க்கு நாம் கூற விழைவதும் ஒன்றுண்டு. கைவன்மையாற் புற்றை அகற்றுதல் போற்றத்தக்கதே. ஐந்தாண்டு கழிந்தபின் அந்நோயாளி எங்குளார், எங்ஙனமுளார் என்று தேடிச் சென்று எழுதிவைக்கும் பொறுமையும் அதனோடொத்த வைத்தியத் தொண்டேயாகும்.