சின்ன அறைக்கு எவ்வளவு நெருப்பு போதும்?

ஈஸ்ட்ஹாம், ஹாரோ, குரோய்டன் என்று தமிழர்கள் அதிகம் வாழும் லண்டன் பகுதிகளில் நூறாண்டைக் கடந்த செங்கல் வீடுகள் ஏராளம். அவற்றின் முன்னறைச் சுவரில் பெரும்பாலும் ஒரு கணப்பு இருக்கும். பல வீடுகளில் அதைப் பலகை அடித்து மூடிவிட்டிருப்பார்கள். 2022இல் எரிவாயு, மின்சாரக் கட்டணங்கள் எகிறிய பிறகு அந்தப் பலகையைப் பெயர்த்து, கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகடுப்பு ஒன்றைக் குழிக்குள் பொருத்தலாமா என்ற யோசனை பலருக்கும் வந்திருக்கிறது. கடைகளில் இதை இன்சர்ட் என்கிறார்கள். வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது அதன் அழகு, அடுத்து விலை. இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, அது எத்தனை கிலோவாட் வெப்பம் தரும் என்பதை. அறைக்குப் போதுமானவற்றில் மிகச் சிறியதைத்தான் வாங்க வேண்டும். பெரியதை வாங்கினால் பணம் மட்டுமல்ல, புகைபோக்கியும் அக்கம்பக்கத்தார் சுவாசிக்கும் காற்றும் சேர்ந்தே கெடும்.

திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகிறது. கால்வாசி அறைக்குள் தங்கினாலே அதிகம். மூடிய இன்சர்ட்டில் முக்கால் பங்கு வரை அறைக்குக் கிடைக்கும். அதனால்தான் சிறியதே போதுமாகிறது. வணிகர்களிடம் ஓர் எளிய கணக்கு உண்டு. அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் தோராயமாக வந்துவிடும். 4 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம் உள்ள முன்னறைக்கு 2.6 கிலோவாட்தான் வருகிறது. காற்றுப் புகும் பழைய ஜன்னல்கள் உள்ள வீடு என்று 10ஆல் வகுத்தாலும் நாலைத் தொடாது. நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது; அதில் முக்கால் பங்கு கிடைத்தால், மணிக்கு ஒரு கிலோ விறகு அந்த அறைக்குத் தாராளம். இப்படிப்பட்ட அறைக்கு 8 கிலோவாட் அடுப்பை வாங்கினால், அதைச் சரியாக எரித்த அரைமணியில் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டிவரும்.

பெரியதை வாங்கிக் காற்றைக் குறைத்து மெல்ல எரித்தால் போயிற்று என்று பலர் வாதிடுவார்கள். விறகின் இயல்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. விறகின் வெப்பத்தில் பெரும்பங்கு, சூடேறும்போது அதிலிருந்து வெளிவரும் வாயுக்களில்தான் இருக்கிறது. அந்த வாயுக்கள் எரிய அடுப்பின் உள்ளே கடுஞ்சூடும் போதிய காற்றும் வேண்டும். காற்றை அடைத்ததும் சுடர் அணைந்து, வாயுக்கள் எரியாமலே மேலேறுகின்றன. கண்ணாடி கறுக்கிறது, வெளியே அடர்ந்த புகை கிளம்புகிறது, குளிர்ந்த குழாயின் உட்சுவரில் தார் படிகிறது. புகைபோக்கிக்குள் தீப்பிடிப்பதற்கு மூல காரணம் இந்தத் தார்தான். சிறிய அடுப்பைச் சுடர்விட்டு எரியவிட்டால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. மிச்சச் சூடு மாடியறைக்குப் போகட்டுமே என்பது இன்னொரு வாதம். குறுகிய நடையும் இரண்டு கதவுகளும் உள்ள வீட்டில் அது போய்ச் சேர்வது சொற்பம். முன்னறை மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

இங்கிலாந்தின் கட்டட விதியும் சிறிய அடுப்பின் பக்கமே சாய்கிறது. பழைய வீடுகளில் 5 கிலோவாட்டைத் தாண்டும் அடுப்புக்குச் சுவரில் நிரந்தரக் காற்றுத் துளை கட்டாயம். அதன் வழியே குளிர்காற்று அறைக்குள் வந்துகொண்டே இருக்கும். 5 அல்லது 4.9 கிலோவாட் அடுப்புகள் சந்தையில் நிறைந்திருப்பது இதனால்தான். காற்றுப் புகாதபடி கட்டிய புதிய வீடுகளில் எந்த அளவு அடுப்புக்கும் இந்தத் துளை தேவைப்படலாம்.

விறகையே எரிக்கக் கூடாது என்பவர்களின் மறுப்புதான் மிகவும் கனமானது. 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை மூடிய ஐந்து நாட்களில் லண்டனில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில், அதாவது லண்டனின் பெரும்பகுதியில், சோதித்து ஒப்புதல் பெற்ற அடுப்பில் மட்டுமே விறகு எரிக்கலாம். மீறிப் புகைத்தால் 300 பவுண்டு வரை அபராதம். இத்தனைக்குப் பிறகும் பிரிட்டன் வெளியிடும் பிஎம் 2.5 நுண்துகளில் கணிசமான பங்கு வீடுகளில் எரியும் விறகிலிருந்து வருகிறது. மிகச் சிறந்த விறகடுப்பும் எரிவாயுக் கொதிகலனைவிடப் பல மடங்கு துகளை வெளியிடுகிறது. இதை மறுக்க முடியாது. வீட்டில் ஆஸ்துமா நோயாளியோ கைக்குழந்தையோ இருந்து, வேறு வெப்பமூட்டும் வசதியும் இருந்தால் இந்த அடுப்பு வேண்டாம். அடுப்பு வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள், 2022 ஜனவரியில் கட்டாயமான ஈகோடிசைன் தரத்துக்கு உட்பட்ட அடுப்பையே வாங்க வேண்டும்.

ஆனால் அடுப்பு எவ்வளவு உயர்ந்ததானாலும் விறகு ஈரமாக இருந்தால் பயனில்லை. ஊதுகுழலோடு மல்லுக்கட்டிய நம் பாட்டிமாருக்கு அது நன்றாகத் தெரியும். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர்தான். அதை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகிவிடும். 2021 மே முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்குபவர்கள் பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக ஓரிரு ஆண்டு அடுக்கிவைக்க வேண்டும். சிறிய வீட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள். ஈரமானி மலிவாகவே கிடைக்கிறது. விறகைப் பிளந்து, உட்புறத்தில் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்புறத்தில் குத்தினால் உண்மை தெரியாது.

கடைக்குப் போகும் முன் புகைபோக்கி துப்புரவாளரை அழைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உச்சியிலிருந்து இறக்கும் செலவு சில வீடுகளில் அடுப்பின் விலையையே எட்டிவிடும். அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பொருத்தும் வேலையைப் பதிவுபெற்றவரிடம் விடுங்கள். அடுப்பு உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒருநாளும் தீ மூட்டாதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.