சரக்குக்குத் தடையில்லை, பணத்துக்கு வழியில்லை!

ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை என்று செய்தி வந்தால், அது பெரிய ஏற்றுமதியாளர்களின் கவலை என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் கப்பலேற வேண்டிய அரிசி உள்ளூர் மண்டிக்குத் திரும்பினால், நம் கிடங்கிலுள்ள அரிசியின் விலையும் இறங்கும். ஆகவே தடை எப்படி நடைமுறைக்கு வருகிறது என்பதை வணிகர் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டவுடனே நம் துறைமுகத்தில் சரக்கு நின்றுவிடுவதில்லை. மத்திய அரசு ஆணையிட வேண்டும். இதற்கென்றே 1947இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் வெளியுறவு அமைச்சகம் அரசிதழில் ஆணை வெளியிடும். எது போகலாம், எது கூடாது என்று அயல் வாணிபத் தலைமை இயக்குநரகம் அறிவிக்கும். துறைமுகத்தில் சுங்க இலாகா சரக்கைச் சோதிக்கும். ரிசர்வ் வங்கி ஆணையை மற்ற வங்கிகளுக்கு அனுப்பும். 2017இல் வட கொரியாவுடனான வாணிபம் இப்படித்தான் நிறுத்தப்பட்டது. உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு தரப்பட்டது.

மீறியவர்களுக்கு, 1992ஆம் ஆண்டு அயல் வாணிபச் சட்டப்படி சரக்கு மதிப்பைப்போல் ஐந்து மடங்கு வரை அபராதம் உண்டு. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணும் பறிபோகலாம்.

அமெரிக்கா தன்னிச்சையாக விதிக்கும் தடைகள் வேறு வகை. ஐ.நா. தடைகளை மட்டுமே ஏற்பதாக நம் அரசு கூறிவந்துள்ளது. ஆயினும் டாலர் வரவு செலவு பெரும்பாலும் அமெரிக்க வங்கிகள் வழியே நடக்கிறது. அந்நாட்டுக் கருவூலத் துறையின் பட்டியலில் பெயர் இருந்தால் பணம் அங்கேயே முடங்கும். சூடான், ஈரான், கியூபா தடைகளை மீறியதற்காக பி.என்.பி. பாரிபா என்ற பிரெஞ்சு வங்கி 2014இல் சுமார் 890 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. இதைக் கண்ட வங்கிகள், அனுமதியுள்ள சரக்குக்கும் பணம் வாங்கித்தரத் தயங்குகின்றன.

ஈரான் விவகாரம் நமக்கு நல்ல பாடம். அங்கே உணவுப் பொருள் அனுப்ப அமெரிக்கச் சட்டமே விலக்கு அளிக்கிறது. 2012 முதல், ஈரானிய எண்ணெய்க்கான பணத்தில் ஒரு பகுதி கொல்கத்தாவிலுள்ள யூகோ வங்கியில் ரூபாயாகச் சேர்ந்தது. நம் பாஸ்மதி, தேயிலை ஏற்றுமதியாளர்களுக்கு அதிலிருந்தே பட்டுவாடா நடந்தது. 2019 மே மாதம் அமெரிக்கா தந்திருந்த சலுகை முடிந்து எண்ணெய்க் கொள்முதல் நின்றது. கணக்கில் வரவு நின்று இருப்பு கரைந்தது. அரிசிக்காரர்கள் பாக்கிக்காகக் காத்திருந்தார்கள். அரிசியை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பணம் வரும் வழிதான் அடைபட்டது.

எனவே வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் உறுப்பினர்கள், வாங்குபவர், அவருடைய வங்கி, கப்பல் ஆகிய மூன்றின் பெயரையும் முன்கூட்டியே தம் வங்கியிடம் கொடுத்து, பணம் வருமா என்று எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நலம். ஏற்றுமதியாளருக்குக் கடனில் சரக்கு கொடுக்கும் மண்டிக்காரர்கள், அது எந்த நாட்டுக்குப் போகிறது என்று விசாரித்த பிறகே தவணை பேச வேண்டும். அங்கே முடங்கும் பணம், கடைசியில் நம் பற்று வரவு ஏட்டில்தான் பாக்கியாக நிற்கும்.