செஞ்சியில் கண்ட தூணும் வளைவும்

கல்விச் சுற்றுலாவுக்குச் செஞ்சி என்று சகோதரி அறிவித்ததும் வகுப்பே துள்ளிக் குதித்தது. அரும்பாவூரிலிருந்து விடியுமுன் புறப்பட்டோம். பெரம்பலூர் தாண்டியதும், கர்நாடக நவாப்புக்கு உட்பட்ட ஒரு ஜாகீர்தார் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய ரஞ்சன்குடிக் கோட்டையைப் பேருந்திலிருந்தே பார்த்தோம். அங்கேதான் பேச்சு எழுந்தது. "இது உங்க ஆளுங்க கட்டினது, செஞ்சி எங்க ஆளுங்க கட்டினது" என்றாள் ஒருத்தி. எங்கள் முஸ்லிம் தோழி ஒன்றும் சொல்லாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்களுக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

செஞ்சி ஒரு மலையன்று. மூன்று மலைகளை மதிலால் இணைத்த பெருங்கோட்டை. இராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். அதன் உச்சியில் அரங்கநாதர் கோயில் இருக்கிறது. ஏறி முடிப்பதற்குள் எங்கள் தண்ணீர்ப் புட்டிகள் காலியாகிவிட்டன!

கீழே வெங்கட்ரமணர் கோயில். தூண், அதன்மேல் போதிகை, அதன்மேல் கல் உத்திரம். இந்த முறையில் மண்டபத்தை விரும்பிய அகலத்துக்கு விரிக்க முடியாது. நீளமான கல் தன் பாரத்தாலேயே நடுவில் விரிந்துவிடும்; எனவே அடிக்கொரு தூண் வேண்டும். தூண் மிகுந்தால் சிற்பத்துக்கு இடமும் மிகும். கோபுர வாசலில் இராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர் மரச்சிற்பிகளின் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த நாங்கள் அங்கே வெகுநேரம் நின்றோம்.

மலையடிவாரத்தில் சாதத்துல்லாகான் மசூதி. பாரசீகக் கல்வெட்டு இதன் காலத்தை 1717-18 என்கிறது. இங்கே உருவங்கள் இல்லை, வளைவுகள் உண்டு. வளைவு பாரத்தை இருபுறமும் தள்ளிச் சுவரில் இறக்கிவிடும். அதனால் சிறு கற்களையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டே அகன்ற இடத்தை மூடலாம். தொழுவோர் வரிசையாக நிற்க இடம் கிடைக்கும். எங்கள் தோழி கல்வெட்டை உற்றுப் பார்த்து, "எழுத்து தெரியுது, அர்த்தம்தான் தெரியல" என்று சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

பிறகு கல்யாண மகாலுக்கு வந்தோம். அடுக்கடுக்காய் உயர்ந்து, கோயில் விமானம்போல் கூம்பி முடிகிறது. ஆனால் அடுக்குதோறும் வளைவுகள்! கட்டியவர்கள் நாயக்க மன்னர்கள், மசூதிக்கு முந்தியது. வளைவைச் செஞ்சிக்குக் கொண்டுவந்தவர் நவாப் என்று நினைத்திருந்தோம். அவர் வருமுன்பே இந்து மன்னர் தம் மாளிகையில் அதை வைத்துக்கொண்டிருக்கிறார். பேருந்தில் பேசியவளிடம், "இது யாரு ஆளுங்க கட்டினது?" என்று கேட்டோம். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

1714-இல் தேசிங்குராஜன் சாதத்துல்லாகானை எதிர்த்துப் போரிட்டு மடிந்தான். நாட்டுக்கதைப்படி, தன் திருமணத்தையும் விட்டு அவனுக்குத் துணையாகப் போருக்கு ஓடிவந்து உயிர்விட்ட நண்பன் ஒரு முஸ்லிம். வென்றவரும் முஸ்லிம்தான். அவரது மசூதி எழுந்த பின்னும் வெங்கட்ரமணர் கோயில் நின்றது. அதன் உயர்ந்த கல்தூண்கள் சிலவற்றைப் பின்னாளில் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவை இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன.

2025-இல் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1677-இல் சிவாஜி பிடித்த செஞ்சியும் அவற்றுள் ஒன்று.

திரும்பும்போது அந்த இருவரும் ஒரே இருக்கையில் தூங்கிவிட்டார்கள். அடுத்த சுற்றுலா புதுச்சேரிக்கு வேண்டும், அந்தத் தூண்களைப் பார்க்கவேண்டும் என்று சகோதரியிடம் இப்போதே மனுக் கொடுத்திருக்கிறோம்.