படகு கூடினால் மீன் குறையுமா? பழவேற்காடு ஏரி சொல்லும் பத்தாம் வகுப்புக் கணக்கு

‘பல்லுறுப்புக் கோவையை வச்சு வாழ்க்கையில என்ன பண்ணப் போறோம்?’ பள்ளியில் இதைக் கேட்காதவங்க குறைவு. பதில் திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காடு ஏரியில் இருக்கு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது.

கணக்கு என்ன?

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஏரியில் ‘ப’ படகுகள் போகுது. ஒவ்வொரு படகு கூடும்போதும், எல்லாப் படகுக்கும் கிடைக்கும் மீன் ஒரு கிலோ குறையுது. ஒரு படகின் பங்கு: 60 − ப கிலோ. மொத்த மீன்:

ம = ப × (60 − ப) = 60ப − ப²

- 20 படகு: தலா 40 கிலோ, மொத்தம் 800
- 30 படகு: தலா 30 கிலோ, மொத்தம் 900
- 40 படகு: தலா 20 கிலோ, மொத்தம் 800
- 50 படகு: தலா 10 கிலோ, மொத்தம் 500

அதாவது 50 படகு சேர்ந்து பிடிப்பது, 20 படகு பிடிப்பதைவிடக் குறைவு!

வரைபடத்தில் எதைப் பார்க்கணும்?

படி: ‘ப’வின் மிகப்பெரிய அடுக்கு 2. அதனால் இது இருபடி, வரைந்தால் பரவளையம்.

முதன்மைக் கெழு: ப²-க்கு முன்னால் மைனஸ். அதனால் கோடு மேலே ஏறி, கீழே இறங்குது.

பூச்சியங்கள்: 0, 60. படகே போகலைன்னாலும் மீன் இல்லை; 60 போனாலும் இல்லை.

திரும்பும் புள்ளி: இரண்டு பூச்சியங்களுக்கும் நடுவில், 30. அதுதான் உச்சம்.

மீன்வள அறிவியலில் இந்த வளைகோட்டை 1954-ல் முன்வைத்தவர் மில்னர் ஷேஃபர்.

30-லேயே நிறுத்திடலாமே?

தானாக நிற்காது. ஒரு படகின் ஒருநாள் செலவு 10 கிலோ மீனின் விலை என்றால், கட்டுப்பாடு இல்லாத ஏரியில் 50 படகு வரை வந்துக்கிட்டே இருக்கும். அப்போ யாருக்குமே லாபம் மிஞ்சாது.

இதைத் தடுக்கும் பழைய வழக்கம்தான் பழவேற்காட்டின் ‘பாடு’. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறைவைத்து ஊரே முடிவு செய்யும். ஆனா பாட்டில் இடமில்லாதவர்களுக்கு அதுவே சண்டைக்குக் காரணமும்கூட.

கோடே சுருங்கினால்?

கடலையும் ஏரியையும் இணைக்கும் முகத்துவாரம் மணல் மூடும்போது இறால், மீன் வரத்து குறையும். நம் கணக்கில் 60 என்பது 40 ஆகுதுன்னு வைங்க. உச்சம் 20 படகுக்கு, 400 கிலோவுக்கு இறங்கிடும். அதே 30 படகு போனா தலா 10 கிலோ. செலவுக்கே சரியாப் போயிடும். படகு ஒண்ணுகூடக் கூடலை, ஆனா லாபம் காலி!

நிஜ ஏரி இவ்வளவு எளிமை இல்லைதான். ஆனா ஒரு விஷயம் தெளிவு: பாடு படகு எண்ணிக்கையைத்தான் கட்டுப்படுத்தும், முகத்துவாரம் திறந்திருந்தால்தான் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பலன்.