உங்களுக்குத் தெரியுமா? படைவீரர் வைத்தியமும் டெண்டர் வழக்குகளும்

● அமெரிக்கப் படைவீரர்கள், ஓய்வுபெற்றவர்கள், அவர்கள் குடும்பத்தார் என ஏறக்குறைய 95 லட்சம் பேருக்கு வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்ளும் அரசுத் திட்டம் 'டிரைகேர்'. ராணுவ மருத்துவமனைக்கு வெளியே தனியார் டாக்டர்களிடம் போவதற்கான ஏற்பாடு, டெண்டரில் வென்ற நிறுவனங்களின் கையில்.

● டெண்டரில் தோற்றவர், நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ.விடம் முறையிடலாம். குறித்த நாளுக்குள் மனு போட்டுவிட்டால் வேலை பொதுவாக அப்படியே நிற்கும். 100 நாளில் தீர்ப்பு வந்தாக வேண்டும். இதற்கு வழிவகுத்தது 1984-ம் ஆண்டுச் சட்டம். ஜி.ஏ.ஓ. சொல்வது பரிந்துரைதான் என்றாலும், துறைகள் பெரும்பாலும் அதை மீறுவதில்லை.

● 2009 ஜூலையில் மூன்று மண்டலங்களுக்கு டிரைகேர் டெண்டர் முடிவானது. வடக்கு மண்டலம் ஏட்னா நிறுவனத்துக்கு. தோற்ற ஹெல்த் நெட் முறையிட்டது. விசாரணையில் தெரியவந்தது இது: டிரைகேர் நிர்வாகத்திலேயே உயர் பொறுப்பில் இருந்த ஒருவர், பணியை விட்டபின் ஏட்னாவின் டெண்டர் தயாரிப்பில் பங்கெடுத்திருந்தார். ஹெல்த் நெட்டின் வெளியே தெரியாத விவரங்களைப் பார்க்கும் வாய்ப்பு முன்பே அவருக்கு இருந்தது. அதை அவர் பயன்படுத்தினாரா என்பது இரண்டாவது கேள்வி. சந்தேகத்துக்கு இடமிருந்தும் ஒப்பந்த அதிகாரி அதை ஆராயவில்லை என்பதே ஜி.ஏ.ஓ. கண்ட குறை. மிகச் சரியான பார்வை.

● தெற்கில் குறை வேறு. அங்கே தோற்ற ஹியூமானா நிறுவனம் மருத்துவமனைகளிடம் பேசிவைத்திருந்த கட்டணத் தள்ளுபடியை அதிகாரிகள் முறையாகக் கணக்கில் சேர்க்கவில்லை. மறுபரிசீலனைகள் முடிந்தபோது வடக்கு ஹெல்த் நெட்டுக்கும், தெற்கு ஹியூமானாவுக்கும், மேற்கு டிரைவெஸ்டிடமிருந்து யுனைடெட்ஹெல்த்துக்கும் போனது. 2009-ல் அறிவித்த மூன்று முடிவுகளில் ஒன்றுகூட நிலைக்கவில்லை!

● எல்லா மனுவும் ஜெயிப்பதில்லை. 2022 டிசம்பரில் சுமார் 13,600 கோடி டாலர் மதிப்பில் அறிவித்த ஒப்பந்தங்கள் தொடர்பான ஹெல்த் நெட்டின் மனு, 2023-ல் ஜி.ஏ.ஓ.விடம் தள்ளுபடியானது.

● ஒப்பந்தம் கைமாறும்போது அடி வாங்குவது நோயாளி. குடும்ப டாக்டர் எழுதித் தந்த சீட்டுக்கு ஒப்பந்த நிறுவனம் ஒப்புதல் தந்தால்தான் பல திட்டங்களில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க முடியும். 2013 ஏப்ரலில் மேற்கில் யுனைடெட்ஹெல்த் பொறுப்பேற்றதும் அந்தச் சீட்டுகள் தேங்கின. ஒப்புதல் விதியையே கொஞ்ச காலம் தளர்த்த வேண்டியதாயிற்று. 2025-ல் அங்கே டிரைவெஸ்ட் வந்தபோதும் அதே கதை. இத்தனை பாடு பட்டும், டெண்டர் முடிவை எதிர்த்து நோயாளி மனு போட முடியாது; போட்டியில் இறங்கிய நிறுவனங்களுக்கே அந்த உரிமை.